எதிர்வீட்டில் பூட்டாமல் கிடக்கும் வைஃபை

பெருமதிப்பிற்குரிய வக்கீல் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகன் எழுதுவது.

நான் நலம். நீங்களும் அத்தையும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன். விசாரித்து, பதில் வந்து, அப்புறம் விஷயத்துக்கு வர எனக்குப் பொறுமை இல்லை. போனில் கேட்டால் "எழுத்தில் கொடு" என்பீர்கள். இதோ எழுத்து. பூட்டாமல் கிடக்கிற அடுத்தவர் வைஃபையைப் பயன்படுத்துவது குற்றமா?

புதிதாகக் குடிவந்த மாடி வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு கேட்டு எழுதிக் கொடுத்தேன். "வந்துகிட்டே இருக்கோம் சார்" என்றவர்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள். எதிர்வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் இல்லாமல் கிடந்தது. நெட்வொர்க் இன்ஜினியர் சும்மா இருப்பேனா, சேர்ந்துகொண்டேன். ஆனால் ஜன்னலோரக் கட்டிலில் கால்மாட்டில் தலைவைத்துப் படுத்தால்தான் அது வரும். திரைச்சீலை காற்றில் விலகினால் வருகிற மாதிரி இருக்கும், மூடினால் போகிற மாதிரி இருக்கும். துணி அலையை மறைக்காது, தெரியும். இருந்தாலும் அப்படித்தான் இருந்தது. வெயில் சுவரில் மெல்ல நகரும். வேலை பார்க்கிறேனா தூங்குகிறேனா என்று தெரியாமல் மிதப்பேன். கனவில் கோர்ட் வரும். அடுத்தவர் காற்றை ஏன் எடுத்தாய் என்பார் நீதிபதி. அதுவாகத்தான் ஜன்னல் வழியாக வந்தது, நான் கூப்பிடலையே என்பேன். எனக்காக வாதாட எழுந்த நீங்கள் கோட்டைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு மேலே மிதந்துபோய் மின்விசிறியைச் சுற்றிக்கொண்டிருப்பீர்கள். ஒரு தடவையாவது இறங்கி வந்தீர்களா?

விழித்தால் எதிர்வீட்டில் தையல் மிஷின் சத்தம். நான் வைஃபையில் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் அது நின்றுபோகும். தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவும் கையில் கத்தரிக்கோலுமாக கேட்டுக்கு ஓடிவந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பார். திருடனைத் தேடுகிறார், தொலைந்தோம் என்று குனிவேன்; ஜன்னல் கட்டையில் மண்டை இடிக்கும்; இணைப்பை வெட்டுவேன். அவர் நின்று பார்த்துவிட்டு உள்ளே போவார். தினமும் இதே கூத்து.

மண்டை வீக்கம் தாங்காமல் நேற்று நேராகப் போய், எடுக்கிறது நான்தான், பாஸ்வேர்ட் போடுங்க, எவன் வேணும்னாலும் உள்ளே வருவான் என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவனும் இதேதான் வெச்சிருந்தான் தம்பி."

அவன் என்றால் மகன். சண்டைபோட்டுப் போனவன், நம்பரையும் மாற்றிவிட்டான். வைஃபையை மாட்டிக் கொடுத்ததே அவன்தான். அம்மாவுக்கு நினைவிருக்காது என்று பாஸ்வேர்ட் போடவில்லை. யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று அவர் போனில் பார்க்க மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அவன் தெருவுக்குள் வந்தால் போன் தானாகச் சேரும், அதன் பெயர் தெரியும், பூட்டினால் சேராது. இதுதான் அந்த அம்மாவின் கணக்கு. டெக்னிக்கலாகத் தப்பே இல்லை. தப்பு என்னுடையது. ஆபீஸில் ஒவ்வொரு மிஷினுக்கும் பெயர் வைக்கிற நான், என் போனுக்கு, அதைத் தயாரித்த கம்பெனி வைத்த பெயரையே விட்டுவைத்திருந்தேன். அவன் போனுக்கும் அதே பெயர். அவர் ஓடிவந்ததெல்லாம் திருடனைப் பிடிக்க இல்லை மாமா.

வைஃபை எடுத்ததற்கு ஏதாவது பிரிவு இருக்கும். இதற்கு எந்தப் பிரிவு?

அங்கேயே என் போனுக்கு "எதிர்வீட்டு மாடி" என்று பெயர் மாற்றினேன். சும்மா சும்மா ஏமாந்துகிட்டு இருக்காதீங்க, பூட்டிடலாம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். வெகுநேரம் நூலைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நாளைக்குச் சாயங்காலம் வந்து பூட்டிடு" என்றார். இப்போது கிளம்ப வேண்டும்.

அத்தைக்கு வணக்கம். உங்கள் ஆசியும் ஃபீஸ் இல்லாத ஆலோசனையும் வேண்டி,

பொறுமையில்லாத மருமகன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தையல் மிஷின் நின்றது. அந்த அம்மா கேட்டில் நின்று என் ஜன்னலைப் பார்த்து, "பழைய பேரு வந்திருக்கு தம்பி, நீயா?" என்கிறார். என் போன் சார்ஜ் இறங்கி அணைந்து கிடக்கிறது. மாடியிலிருந்து பார்த்தால், அவர் கண்ணுக்குத் தெரியாத தெருத் திருப்பத்தில், ஒருத்தன் என்னை மாதிரியே குனிந்துகொண்டு நிற்கிறான். பிரிவெல்லாம் தேட வேண்டாம். பூட்டும் கிடையாது. அவன் திரும்பிப் போவதற்குள் பிடித்துவிடுகிறேன்.