விரியாக்குடையாரும் என் கழுத்தும்

தான் நனைந்துகொண்டு குடையை நனையாமல் காப்பாற்றிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரும் மானிப்பாயில், எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தார்.

அவர் கலியாணத் தரகர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. விரியாக்குடையார் என்றால் காங்கேசன்துறை வரை தெரியும். கமக்கட்டுக்குள், கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கியபடி, ஒரு பெரிய கறுப்புக் குடை எப்போதும் இருக்கும். வெயிலுக்கும் விரிக்கமாட்டார், மழைக்கும் விரிக்கமாட்டார். மழை பிடித்தால் வேலிக்குள் கையை விட்டு வாழையிலை ஒன்றை முறித்துத் தலைக்குப் பிடிப்பார். குடையைச் சால்வைக்குள் பிள்ளையை அணைப்பதுபோல அணைத்துக்கொண்டு ஓடுவார்.

காரணம் இதுதான். அந்தக் குடைதான் அவருடைய கந்தோர், அலுவலகம் எல்லாம். கலியாணத்துக்கு நிற்கும் பெடியன் பெட்டைகளின் சாதக ஓலைகளெல்லாம் அதன் மடிப்புகளுக்குள் இருந்தன. ஒருபக்கம் மாப்பிள்ளைகள், மறுபக்கம் பொம்பிளைகள். யார் வீட்டுக்குப் போனாலும் தான் இருக்க ஒரு கதிரை, குடையை இருத்த ஒரு கதிரை கேட்பார். “மாப்பிள்ளையளை நிலத்திலை இருத்தலாமோ?” என்பார்.

ஒருமுறை ஒரு சாவீட்டில் ஆரோ ஒரு மனிதர் தன் குடை என்று நினைத்து இவருடையதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இவர் தெருவில் இறங்கி, “ஐயோ, என்ரை பொம்பிளையளைக் கொண்டு போறான், பிடியுங்கோ!” என்று கத்தினார். உலக்கையோடும் பொல்லோடும் ஊர் ஓடியது. அந்த மனிதர் பயத்தில் ஒரு மதிலில் ஏறி, இறங்கமாட்டேன் என்று அழுதாராம்.

இப்போது என் கழுத்துக்கு வருகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதன்பிறகு வெளியாட்கள் முன்னால் தலை நிமிர்ந்தது கிடையாது. அந்த நாளில் பெண்ணைக் கோயிலில் வைத்து, தற்செயலாகப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பார்கள். இரண்டு பகுதியார் அப்படி வந்தார்கள். என் உச்சிவகிட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் ஊரில் கதை வந்துவிட்டது: “அந்தப் பெட்டைக்குக் கழுத்திலை ஏதோ பழுதாம். நிமித்த ஏலாதாம்.”

அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டா. மூன்றாம் பகுதியும் திரும்பிப் போனால் அந்தக் கதை கல்லில் எழுத்தாகிவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

விரியாக்குடையார் வந்தார். குடையைக் கதிரையில் இருத்திவிட்டு, படுத்திருந்த அம்மாவைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, எழும்பு. அளவெட்டியிலை ஒரு பெடியன் இருக்கிறான். இந்தமுறை கோயில் வேண்டாம். கோயிலிலை எல்லாரும் குனிஞ்சுதான் கும்பிடுகினம். பிள்ளையைப் படக்கொட்டகைக்குக் கொண்டு போவம்.”

“படம் பாக்கவோ அண்ணை? உங்களுக்கென்ன விசரோ?”

“கேள். படத்தை உயரத்திலை காட்டுறாங்களாம். எல்லாரும் அண்ணாந்துதான் பாக்க வேணும். இவளும் பாப்பாள். அப்ப பெடியன் பாப்பான். அதுவும் பகல் காட்சி. நல்ல வெளிச்சம்!”

அம்மாவும் படம் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு நாள் மாட்டு வண்டியில் யாழ்ப்பாணப் பட்டினம் போனோம். காட்சிக்கு நேரம் இருந்தது. “பிள்ளைக்குக் கொஞ்சம் பழக்கம் வரட்டும்” என்று பெரியகடைச் சந்தைக்குள் கூட்டிக்கொண்டு போனார். உயரத்தில் எது தொங்கினாலும் அதன் கீழே கொண்டுபோய் என்னை நிறுத்தினார்.

“பிள்ளை, உங்கை பார், கூட்டுக்குள்ளை கிளி!”

“ஓம் அம்மான்” என்று நிலத்துக்குச் சொன்னேன். அம்மா அவரை அண்ணை என்பதால் எனக்கு அவர் அம்மான், தாய்மாமன் முறை.

“வாழைக்குலையைப் பார்! என்ன நீளம்!”

“ஓம் அம்மான்.”

சந்தையை நான் கீழ்வழியால்தான் பார்த்தேன். மீன்கடைப் பக்கம் செதிளும் ஈரமும். புகையிலைக் கடைக்கு முன்னால் மண்ணெல்லாம் புகையிலைத் தூள். வெங்காயச் சருகு காலில் ஒட்டினால் அது மரக்கறிக்காரர் பகுதி. காப்புக் கடைக்காரர் மட்டும் பாய் விரித்து, காப்புகளை என் கண்ணுக்கு நேரே நிலத்தில் பரப்பியிருந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். விரியாக்குடையார் அவரோடு சண்டைக்குப் போனார்.

“என்ன காணும், காப்பை உயரத்திலை கட்டித் தூக்கினால் என்ன?”

“நான் காப்பு விக்கிறதோ, கொடி ஏத்திறதோ?” என்றார் கடைக்காரர்.

படக்கொட்டகை ஓலையால் வேய்ந்தது. பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு தட்டி. மறுபக்கத்தில் மாப்பிள்ளையும் அவருடைய அம்மானும் வந்திருந்தார்கள் என்று அம்மா காதுக்குள் சொன்னா. பிறகு கதவுகளை மூடி, கறுத்தச் சீலைகளை இழுத்துவிட்டார்கள்.

ஒரே இருட்டு. பட்டப்பகலில் இப்படி ஒரு இருட்டை நான் கண்டதில்லை.

பிறகு வெள்ளைத் திரையில் ஒரு ராசா குதிரையில் வந்தார். பாடினார். ஆரும் என்னைப் பார்க்கமுடியாது என்று தெரிந்ததும் எனக்குக் கூச்சம் எங்கேயோ போய்விட்டது. நான் நிமிர்ந்து, வாய் திறந்து, அந்த ராசாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதைப் பார்க்கத்தான் ஒருவராலும் முடியவில்லை.

ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மானுடைய குரல் கேட்டது. “தரகர், நாங்கள் பொம்பிளை பாக்க வந்தனாங்களோ, இருட்டுப் பாக்க வந்தனாங்களோ?”

“கொஞ்சம் பொறுங்கோ!” என்று விரியாக்குடையார் எழும்பினார். தட்டியடிக்கு வந்து நெருப்புக்குச்சியைக் கிழித்துத் தூக்கிப் பிடித்தார். “இஞ்சை பாருங்கோ, பிள்ளை நிமிந்துதான் இருக்கிறாள்!”

நெருப்பைக் கண்டதும் நான் குனிந்துவிட்டேன்.

“ஆர் காணும் உவர்? ஓலைக் கொட்டகையைக் கொளுத்தப் போறீரோ?” என்று கொட்டகைக்காரர்கள் ஓடிவந்தார்கள். ராசாவைப் பாதிப் பாட்டில் விட்டுவிட்டு எங்கள் எல்லோரையும் வெளியே தள்ளினார்கள்.

வெளியே மழை சரியாகப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மான் வேட்டியைத் தூக்கிக்கொண்டு, “வாடா தம்பி, போவம்” என்றார். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. நான் நனைந்துகொண்டு என் கால்விரல்களைப் பார்த்தபடி நின்றேன்.

விரியாக்குடையார் சுற்றிப் பார்த்தார். கொட்டகை வாசலில் வாழை இல்லை. என்னைப் பார்த்தார். கமக்கட்டிலிருந்து குடையை எடுத்தார்.

“அண்ணை, வேண்டாம்!” என்றா அம்மா.

அவர் விரித்தார்.

மாப்பிள்ளைகளும் பொம்பிளைகளும் பொலபொலவென்று சேற்றில் விழுந்தார்கள். “ஐயோ, மிதிக்காதேங்கோ! ஊர் குலையப் போகுது!” என்று அவர் கத்த, எல்லோரும் குனிந்து பொறுக்கினார்கள். அம்மா பொறுக்கினா. அளவெட்டி அம்மானும் மாப்பிள்ளையும்கூடப் பொறுக்கினார்கள். விரியாக்குடையார் ஒரு கையால் பொறுக்கிக்கொண்டே மறுகையால் குடையை எனக்கு மேலே பிடித்திருந்தார்.

அப்போது என் நெற்றியில் ஒரு பெரிய துளி விழுந்தது. பிறகு மூக்கில் ஒன்று. நான் மேலே பார்த்தேன். இத்தனை வருசமும் விரியாத குடையைப் பூச்சி அரித்து, மாச்சல்லடை மாதிரி ஆக்கியிருந்தது. அதற்குள்ளால் வானமே தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் எல்லோரும் குனிந்து நிற்க, நான் ஒருத்தி மட்டும் அண்ணாந்து நின்று சத்தமாகச் சிரித்தேன்.

ஓலை ஒன்றைக் கையில் பிடித்தபடி மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

“அம்மான்,” என்றார் மெதுவாக, “கழுத்து நல்லாத்தான் இருக்கு.”

தை மாதம் கலியாணம் நடந்தது.

சேற்றில் கலந்த சாதகங்களை விரியாக்குடையார் கடைசி வரைக்கும் சரியாகப் பிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் செய்துவைத்த கலியாணங்களில் யாருக்கு யாருடைய ஓலை போனதென்று கடவுளுக்குத்தான் தெரியும். ஒன்றும் பிழையாகப் போகவில்லை. அந்தக் குடையை அவர் திரும்ப மடக்கி, பழையபடி கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய செத்த வீட்டிலும் அது அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தது. ஆரும் எடுக்கவில்லை.

இப்போதும் மழைக்கு யாராவது எனக்குக் குடை பிடித்தால், நான் முதலில் அண்ணாந்து மேலே பார்ப்பேன். ஓட்டை இல்லாத குடையென்றால், என்னவோ, ஆரோ ஒருவர் பக்கத்தில் இல்லாததுபோல இருக்கும்.