இரண்டாகப் பிரிந்த ரயிலும் நீங்கள் எழுதித் தந்த விதிகளும்

கீல் துறைமுகம்,
புதன்கிழமை, காலை ஜெபத்துக்குப் பிறகு.

மரியாதைக்குரிய ஹானுஸ் அண்ணாவுக்கு,

தங்கை பெயின்தா எழுதுவது. கர்த்தருடைய தயவால் இங்கே அனைவரும் சுகம். அங்கே ஹ்வால்பாவில் நீங்களும் அண்ணியும் ஆடுகளும் சுகமாயிருக்க தினமும் இரண்டு வேளை ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். தாளைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

முதலில் யார் யார் இருந்தோம் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் கணக்கு இடிக்கும். நான் ஒன்று. துரிதா, பத்து வயது. ஹெக்னி, ஆறு வயது நான்கு மாதம். எல்ஸ்பா, தள்ளுவண்டியில், பதினோரு மாதம், ஐந்து பற்கள். ஆக நான்கு பேர். நொய்மூன்ஸ்டர் என்கிற ஊர்வரை நான்கு. அதன்பின் ஒரு மணி நாற்பது நிமிடம் இரண்டும் இரண்டும். இப்போது மறுபடி நான்கு, ரோயியையும் சேர்த்தால் ஐந்து. எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ரோயியின் மீன்பிடிக் கப்பல் பழுதுபார்க்க இங்கே பட்டறையில் ஏற்றப்பட்டு ஐந்து வாரம் ஆகிறது. பிள்ளைகள் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமென்று நான் புறப்பட்டபோது, நம் தீவுகளில் ரயில் என்பதே கிடையாதே, வெளிநாட்டில் மூன்று பிள்ளைகளோடு அதில் எப்படி ஏறுவது என்று நான் பயந்ததும், நீங்கள் இருபது வருடம் தீவுக் கப்பலில் வேலை பார்த்த அனுபவத்தில் ஒரு தாளில் விதிகள் எழுதித் தந்ததும் நினைவிருக்கும். "ரயிலும் கப்பல் மாதிரிதான் பெயின்தா, என்ன, நனையாது" என்று சொன்னீர்கள். எந்தக் கதவில் வேண்டுமானாலும் ஏறலாம், உள்ளே போனால் எல்லாம் ஒரே இடம் என்று எழுதியிருந்தீர்கள். உட்கார்ந்ததும் லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்கச் சொன்னீர்கள். பிள்ளைகள் பிரிந்துபோனால் யாரும் யாரையும் தேடக் கூடாது, எல்லோரும் நட்டநடுவுக்கு வந்து நிற்க வேண்டும் என்பதை இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தீர்கள். அந்தத் தாளை நான் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், நன்றியோடுதான் எழுதுகிறேன், படித்துக்கொண்டே வாருங்கள்.

ஹாம்பர்க்கில் மதியம் இரண்டு இருபதுக்கு ரயில். கடைசிப் பக்கம் தள்ளுவண்டிக்கான அகலக் கதவு இருந்ததால் நானும் எல்ஸ்பாவும் அதில் ஏறினோம். துரிதா ஏதோ சொல்லிக்கொண்டே ஹெக்னியை இழுத்துக்கொண்டு முன்பக்கம் ஓடினாள். பிள்ளைகள் கப்பல் மூக்கில் நிற்க ஆசைப்படுவது வழக்கம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். நம் கப்பலில் அவர்கள் ஏறியதும் காணாமல் போய், கரை வந்ததும் பசியோடு வருவார்கள், ஒருநாளும் நான் கவலைப்பட்டதில்லை, கப்பல் ஒன்றுதானே, எங்கே போய்விடுவார்கள்.

எனக்கு எதிரே மொம்மெ என்கிற பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், ஃப்ளென்ஸ்பர்க்காரர், கர்த்தர் செயலாக எனக்கும் தெரிந்த டேனிஷ் பேசுகிறவர். ரோயிக்காக நான் கொண்டுவந்த காற்றில் உலர்த்திய ஆட்டுத் தொடை மேல்தட்டில் இருந்தது. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு பெட்டிக்குப் போய், குழந்தையோடு வந்தவளுக்குத் தாராளமாக இடம் விட்டார்கள். இந்த ஊர் மனிதர்களின் மரியாதையை என்னவென்று சொல்வது. மொம்மெ மட்டும் சளி பிடித்திருந்ததால் இருந்தார்.

டிக்கெட் பார்க்கும் அம்மா வந்தார்கள், பெயர் வீப்கெ. லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மொம்மெ அதை ஜெர்மனில் சொன்னார், அந்த அம்மா ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்கள்.

"என்ன சொல்றாங்க?"

"இதுவரைக்கும் தேவைப்படலையாம்மா. மூழ்கினா முதல்ல உங்களத்தான் கூப்பிடுவாங்களாம்."

மூன்று மணிக்குப் பிள்ளைகளுக்கு ரொட்டி கொடுக்கும் நேரம். மொம்மெவிடம் எல்ஸ்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். மூன்று பெட்டி தாண்டியதும் பூட்டிய கதவு. அதில் சின்னக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் ஆளில்லாத ஓட்டுநர் இருக்கை, அதற்கும் அப்பால் இன்னொரு கண்ணாடி, அங்கே மூக்கு நசுங்கிய இரண்டு முகங்கள். துரிதாவும் ஹெக்னியும்! நட்டநடுவில்! என் பிள்ளைகள் மாமா சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். ரொட்டியைத் தூக்கிக் காட்டினேன். துரிதா இன்னும் வேகமாக ஆட்டினாள், பசி போலிருக்கிறது என்று நினைத்தேன். ரயில் ஒரு ஊரில் நின்றது. கீழே ஏதோ இரும்பு தட்டிய சத்தம், ஒரு குலுக்கல். அப்புறம் பார்க்கிறேன், பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள், ஆனால் சின்னதாகிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்கும் எனக்கும் நடுவில் தண்டவாளம் தெரிந்தது. ஹெக்னி இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். ரொட்டி என் கையிலேயே இருந்தது.

அண்ணா, அந்த நிமிடத்தை இதற்குமேல் எழுத வரவில்லை.

கத்திக்கொண்டே மொம்மெவிடம் ஓடினேன். அதற்குள் கதவுகள் மூடி எங்கள் பாதியும் நகர ஆரம்பித்துவிட்டது.

"ஐயா, கப்பல் ரெண்டா உடைஞ்சிடுச்சு! என் பிள்ளைங்க அந்தப் பாதியில இருக்காங்க!"

"உடையலம்மா, பிரிச்சு விட்டிருக்காங்க. இங்க தினமும் பிரிப்பாங்க. முன்பாதி கீலுக்கு, பின்பாதி எங்க ஊருக்கு."

"தினமுமா? தெரிஞ்சே பண்றாங்களா?"

"தெரிஞ்சேதான். நீங்க எங்க போகணும்?"

"கீலுக்கு."

பெரியவர் என்னையும் தள்ளுவண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ பிள்ளைங்க தொலையலம்மா," என்றார். "நீங்கதான் தொலைஞ்சிருக்கீங்க."

வீப்கெ அம்மா ஓடிவந்தார்கள். அந்தப் பாதியில் இருக்கும் பரிசோதகரைப் போனில் பிடித்து, பிள்ளைகளின் அடையாளம் கேட்டார்கள். நான் எல்லாம் குறித்துவைக்கும் நோட்டைத் திறந்து, துரிதா, நீலக் கம்பளிச் சட்டை, நெஞ்சில் வெள்ளை நட்சத்திரம், இடது முழங்காலில் தழும்பு, ஹெக்னி, பழுப்புச் சட்டை, மேல்வரிசையில் ஒரு பல் இல்லை, காலையில் ஓட்ஸ் கஞ்சி முக்கால் கிண்ணம் என்று வாசித்துக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா கையைத் தூக்கினார்கள்.

"போதுமாம்மா," என்றார் மொம்மெ. "சட்டையில அடிக்கிற ஆட்டு வாசனையை வெச்சே கண்டுபிடிச்சிட்டாங்களாம்."

அப்புறம் போனில் ஏதோ கேட்டு அந்த அம்மா சிரிப்பை அடக்கினார்கள். என்னவென்று கேட்டேன்.

"உங்க பொண்ணு கேக்குறாளாம். அம்மா பத்திரமா இருக்காங்களா, கூட யாராவது பெரியவங்க இருக்காங்களான்னு."

என் கைப்பேசி துரிதாவின் பையில் இருந்ததால் அவள் அதற்குள் அப்பாவுக்கும் சொல்லியாகிவிட்டதாம். இருந்தாலும் தாய் மனசு ஆறுமா? கண்ணை மூடி, ஆண்டவரே, இந்த ரயிலைத் திருப்பும் என்று சத்தமாகவே ஜெபித்தேன். கண்ணைத் திறந்தால் ரயில் வானத்தில் போய்க்கொண்டிருக்கிறது! கீழே ஒரு சரக்குக் கப்பல், எனக்கு அடியில் போகிறது! கப்பலை மேலேயிருந்து மலையில் நின்று பார்த்திருக்கிறோம், உட்கார்ந்துகொண்டு பார்த்ததுண்டா? அதுவாவது போகட்டும், பாலம் தாண்டியதும் ரயில் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. வலம் வந்து, வலம் வந்து, முழு வட்டமாகத் திரும்பி, வந்த பாதைக்கே போகிறது! நான் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

"பாத்தீங்களா ஐயா, திருப்பிட்டாரு!"

மொம்மெ தொண்டையைக் கனைத்தார். "அம்மா, பாலம் ரொம்ப ஒசரம். இறங்குறதுக்கு ரயில் இங்க ஒரு சுத்து சுத்தியாகணும். நூறு வருஷத்துக்கு மேலா இப்படித்தான் சுத்துது."

நூறு வருடத்துக்கு முன்பே ஆயத்தம் பண்ணி வைத்தாரே என்று நான் அதற்கும் சேர்த்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

ரெண்ட்ஸ்பர்க்கில் இறங்கச் சொன்னார்கள். அங்கிருந்து கீலுக்கு வேறு ரயில். மொம்மெ தன் ஊருக்குப் போகாமல் என்னோடு இறங்கி, தள்ளுவண்டியைத் தூக்கி, அரைமணி நேரம் என் பக்கத்தில் நின்று, என்னை ஏற்றிவிட்டுத்தான் போனார். ஏற்றுவதற்கு முன் மூன்று தடவை, "அம்மா, இது பிரியாது, கேட்டுட்டேன்" என்றார். முன்பின் தெரியாத மனிதர், அண்ணா. ஆட்டுத் தொடையில் பாதியை வெட்டிக் கொடுத்தேன். கையை நன்றாக நீட்டி வாங்கிக்கொண்டார். அவர் பெயரையும் வீப்கெ அம்மா பெயரையும் ஜெபக் குறிப்பில் எழுதியிருக்கிறேன், நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

கீலில் ரோயி நின்றார், பக்கத்தில் ஹெக்னி ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான்.

"பெயின்தா, பிள்ளைங்களைக் கூட்டிட்டு வான்னு சொன்னா, பிள்ளைங்க உன்னைத் தேடிக் கூட்டிட்டு வர மாதிரி பண்ணிட்டியே," என்றார். சிரித்தார், ஆனால் என் தோளைப் பிடித்த கை விடவே இல்லை. துரிதா வந்து என் வயிற்றில் முகத்தைப் புதைத்து, அப்போதுதான் அழுதாள். ஹெக்னியின் வலது சட்டைக்கை இடதைவிட நான்கு விரல் நீளமாயிருந்தது. நொய்மூன்ஸ்டரிலிருந்து கீல்வரை அவள் அதை விடவில்லையாம்.

ஆகவே அண்ணா, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. உங்கள் விதியால்தான் பிள்ளைகள் நடுவில் வந்து நின்றார்கள், கடைசியாக ஒருமுறை என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடிந்தது. ஆனால் இனி நான் ரயிலில் கால் வைக்க மாட்டேன். ரோயியின் கப்பல் மூன்று வாரத்தில் ஊருக்குப் புறப்படுகிறது. அதில் எங்கள் நால்வருக்கும் இடம் கேட்டு, கேப்டன் உங்கள் சிநேகிதர் ஆனபடியால், நீங்களே அவரிடம் பேச வேண்டும். பெண்பிள்ளைகளை ஏற்ற மாட்டேன் என்பார், விடாதீர்கள். கப்பல் பாதியில் பிரியாது என்பது ஒன்றே எனக்குப் போதும்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், சபையார் அனைவருக்கும் ஸ்தோத்திரம். உங்கள் ஏற்றமும் இறக்கமும் கர்த்தர் கையில் பத்திரமாயிருப்பதாக.

அன்புத் தங்கை,
பெயின்தா

பி.கு.: எழுத்துப்பிழை பார்க்க துரிதாவிடம் கொடுத்தேன். பிழை ஏழு என்றாள். பிறகு, "அம்மா, நாங்க மாமா விதிக்காக நடுவுல வந்து நிக்கல" என்றாள். ஹாம்பர்க்கிலேயே முன்பாதி கீல், பின்பாதி ஃப்ளென்ஸ்பர்க் என்று பலகையில் பெரிதாகப் போட்டிருந்ததாம், ஒலிபெருக்கியிலும் சொன்னார்களாம், அதைத்தான் அவள் என்னிடம் சொல்லிக்கொண்டே ஓடினாளாம். "எந்தக் கதவுலயும் ஏறலாம், பேசாம ஏறு" என்று நான் கத்தினேனாம். யோசித்துப் பார்த்தால் கத்தினேன். கண்ணாடியில் அவர்கள் கையாட்டியது சந்தோஷத்தில் இல்லை, இறங்கி இந்தப் பக்கம் ஓடிவா என்று. நான் ரொட்டியைக் காட்டினேன். எனவே மேலே எழுதியதில் விதிகளுக்கு நன்றி சொன்ன இடத்தையும் ரயிலைக் குறை சொன்ன இடத்தையும் அடித்துவிட்டுப் படிக்கவும். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ரயிலிலேயே திரும்புகிறோம். துரிதா கூட்டிக்கொண்டு வருகிறாள். கேப்டனிடம் இன்னும் பேசவில்லை என்றால் பேச வேண்டாம். பேசியிருந்தால் என்ன சொன்னார்? சீக்கிரம் பதில் எழுதவும்.