மல்லி நல்லா இருக்கு

"பிரேக் புடிக்கலண்ணே. வண்டியைத் திருப்புறப்ப உள்ள வந்திருச்சு" என்று தலையைச் சொறிந்தான் ஜேசிபி டிரைவர் வீரணன்.

முத்துக்குமரன் தன் வீட்டு முன்வாசலைப் பார்த்தான். ஒத்தக்கடையில் அந்தத் தெருவுக்குக் குழாய் பதிக்க வந்த வண்டி, கத்தரியை விட்டுவிட்டு, செவ்வந்தியை விட்டுவிட்டு, மல்லிகைச் செடிமேல் மட்டும் குறி வைத்ததுபோல ஏறி இறங்கியிருந்தது.

"நாளைக்கு என் பொண்டாட்டி வந்தா நான் என்னய்யா சொல்லுவேன்?"

"வேணும்னா நான் பேசட்டாண்ணே?"

"நீ ஒண்ணும் பேச வேணாம். கெளம்பு!"

அது அவன் அம்மா மேலூரிலிருந்து வந்து நட்டுவைத்த செடி. திவ்யாவுக்கு அதன்மேல் உயிர். இல்லாவிட்டால் தினமும் உச்சி வெயிலில் மொட்டுப் பறித்து, சரமாகக் கட்டி, மேலூர் பஸ்ஸை மறித்து, கண்டக்டர் கையில் கொடுத்து மாமியாருக்கு அனுப்புவாளா?

போன் அடித்தது. பசுமலையில் பிறந்த வீட்டிலிருந்து திவ்யாதான்.

"மல்லி எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, நல்லா இருக்கு."

"நல்லாவா இருக்கு? கிட்டப் போய்ப் பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறேன்."

"அப்ப நான் இன்னைக்குச் சாயங்காலமே வாரேன்."

முத்துக்குமரன் போனைச் சட்டைப் பையில் போட்டான். செடியை நிமிர்த்திக் கம்பு கட்டினான். வேரோடு கையில் வந்துவிட்டது. பைக்கை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் பறந்தான்.

"மதுரை மல்லிதானே?"

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க சார்."

அப்படியேதான் வாங்கிவந்தான். நட்டு முடித்ததும், பக்கத்து வீட்டு மலையம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி மோந்து பார்த்தாள்.

"ஏம்ப்பா, இது மல்லி இல்ல, காக்கரட்டான்ல? வாசமே வரல?"

மறுபடியும் ஓட்டம். பூக்கடையில் உதிரி மல்லி வாங்கிவந்து, தையல் நூலால் ஒவ்வொரு மொட்டாகக் கிளையில் கட்டினான். தெருவே மணத்தது. அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் அம்மா வந்தாள்.

"அடேயப்பா, இம்புட்டு மொட்டா! நாளையிலருந்து ஒன் மதினிக்கும் சேத்துக் கட்டி அனுப்பச் சொல்லுடா மருமகளை."

"அதுக்கென்னம்மா, சந்தோசமா அனுப்புவா."

சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கிய திவ்யா, செடியைக் கண்டதும் கையிலிருந்த பையை நழுவ விட்டாள்.

"இது... எப்படி?"

"அதான் நல்லா இருக்குன்னு சொன்னேன்ல? அம்மாகூடப் பாத்துட்டாங்க. நாளையிலருந்து மதினிக்கும் சேத்துக் கட்டணுமாம்."

திவ்யா வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆனந்தத்தில் வாயடைத்துப் போனாள் என்று நினைத்து, முத்துக்குமரன் மூச்சு விட்டான்.

வேலை முடிந்து தெருவில் உறுமிக்கொண்டு வந்த ஜேசிபி, வாசலில் நின்றது. வீரணன் எட்டிப் பார்த்தான். செடியைப் பார்த்தான், திவ்யாவைப் பார்த்தான், குழம்பிப்போனான்.

"என்னக்கா, நீங்க சொன்ன செடி மேலதான் ஏத்துனேன், மறுபடி நிக்குதே? இன்னொருவாட்டி ஏத்தவா?"