பூவரச இலைப் புழு கெடுத்த சம்பந்தம்

நெரவி,
12-6-1956

மகாராஜராஜஸ்ரீ மச்சான் சோமசேகரன் அவர்களுக்கு, சிவசுப்பிரமணியன் அநேக நமஸ்காரம். இங்கு உங்கள் தங்கை பெரியநாயகி, மகள் அன்னபூரணி, பசுமாடு எல்லோரும் சௌக்கியம். நான் மட்டும் சௌக்கியமில்லை. காரணம் நீங்கள்.

நீங்கள் அனுப்பிய போலகத்து மாப்பிள்ளை உத்திராபதி, தாயாருடன் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார். காலேஜ் வாத்தியார் என்று எழுதினீர்களே, இலைக்குள் புழு தேடுகிற வாத்தியார் என்று எழுத மை தீர்ந்துவிட்டதா? பிரெஞ்சுக்காரன் காலத்துச் சுங்கத்தில் எத்தனையோ கள்ளச் சரக்கைப் பிடித்தவன் நான், இதைக் கோட்டை விட்டேன். வண்டியை விட்டு இறங்கியவர் வீட்டுக்குள் வராமல், வேலியோரத்துத் தும்பையிலும் காட்டாமணக்கிலும் தலையை விட்டுக்கொண்டார். இலையில் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போகுமே, அதற்காகத்தான். "உள்ளாற புழு தின்னுக்கிட்டே போவுதுங்க மாமா. செடி எது, கோடு எப்புடி வளையுதுன்னு பாத்தாப் போதும், புழு பேரைச் சொல்லிப்புடலாம்" என்றார். சொல்லவும் சொன்னார். வாயில் நுழையவில்லை. பஜ்ஜி ஆறிப்போயிற்று. கடைசியில், "பொண்ணு பேரு என்னங்க?" என்று என்னையே கேட்டார்!

சரி, சாமியே தீர்மானிக்கட்டும் என்று பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போனோம். வெள்ளை நந்தியாவட்டை வந்தால் கல்யாணம், சிவப்பு அரளி வந்தால் கும்பிடு. அன்னபூரணிதான் இரண்டையும் பூவரச இலையில் பொட்டலமாகக் கட்டி வைத்தாள். குருக்கள் கையை நீட்டுவதற்குள் உங்கள் மாப்பிள்ளை, "ஐயய்யோ, இதுலயும் கோடு இருக்குங்க!" என்று பாய்ந்து, இரண்டு பொட்டலத்தையும் பிரித்து, பூவை முதுகுக்குப் பின்னால் வீசிவிட்டு இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். என்ன நிறமென்று யாரும் பார்ப்பதற்குள் பூவைக் கோயில் ஆடு தின்றுவிட்டது. சாமி சொன்ன பதில் இப்போது ஆட்டு வயிற்றில். இன்னொரு தடவை கட்டுவோம் என்கிறார் தாயார். சாமி என்ன நம் வீட்டு வேலைக்காரரா, கேட்ட போதெல்லாம் பதில் சொல்ல? ஒரே பெண், மச்சான். புழுவுக்கு அடுத்த இடத்தில் அவளை உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
சிவசுப்பிரமணியன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கைக்கு இதைப் படித்துக் காட்டினேன். உள்ளேயிருந்து அன்னபூரணி, "ரெண்டுலயும் நந்தியாவட்டைதாம்ப்பா வச்சேன். கோடு போட்ட எலையா பொறுக்கிக் கட்டுனதும் நாந்தான்" என்கிறாள். சுங்கத்துக்காரன் வீட்டிலேயே கள்ளச் சரக்கு! ஆவணியில் நாள் பாருங்கள். பெண்ணின் பேர் அன்னபூரணி என்று மாப்பிள்ளையிடம் மறக்காமல் சொல்லிவையுங்கள்.