பன்னிரண்டரை மணி வரை இந்தியத் தத்துவம்

சேரப்பணஞ்சேரி,
சனிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் வில்சன் அவர்களுக்கு, செல்வநாதன் எழுதிக்கொள்வது.

நானும் உங்கள் தங்கை அருள்மேரியும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். எங்களோடு தங்கியிருக்கும் உங்கள் மகள் ஷீபாவும் சுகம். நேற்று மாலையிலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே சுகம். வடக்கன்குளத்தில் நீங்களும் அக்காவும் உங்கள் முழங்காலும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"மாசக் கடைசிக்குள்ள வேலை நிரந்தரம் ஆகலைன்னா, காரை எடுத்துக்கிட்டு வந்து புள்ளயக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று போன வாரம் போனில் சொன்னீர்கள். வர வேண்டாம். ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். போனில் விளக்கினால் நீங்கள் நடுவில் பேசுவீர்கள்.

ஷீபா வேலை பார்க்கும் மண்ணூர்ப் பள்ளியின் தாளாளர் மணிகண்டபிரபு நல்ல மனிதர். ஜூன் மாதம் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் 'கல்வியிலும் சமூக நல்லிணக்கத்திலும் இந்திய, மேலைத் தத்துவங்களின் பங்கு' என்று ஒரு நாள் கருத்தரங்கு நடந்தது. மதியச் சாப்பாடு உண்டு. அவர் போய்வந்தார். அங்கே காலை அமர்வில் இந்தியத் தத்துவம், சாப்பாட்டுக்குப் பிறகு மேலைத் தத்துவம் என்று நிகழ்ச்சி நிரல் போட்டிருக்கிறார்கள். பேசியவர்கள் சொன்னது அவர் மனதில் எவ்வளவு தங்கியது என்று தெரியவில்லை, நிரல் அப்படியே தங்கிவிட்டது. மறுநாள் சுற்றறிக்கை வந்தது. பகல் பன்னிரண்டரை வரை இந்தியத் தத்துவம்: ஆசிரியர் தெய்வம், மாணவர் கேள்வி கேட்கக் கூடாது. ஒன்றேகாலுக்கு மேல் மேலைத் தத்துவம்: எதையும் சந்தேகிக்கலாம், ஆசிரியரையும் சேர்த்து. வீட்டிலும் பிள்ளைகள் இதே நேரக் கணக்கைக் கடைப்பிடிக்கப் பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும். இடையில் உள்ள முக்கால் மணி நேரம் எந்தத் தத்துவத்திலும் சேராது. அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் ஒழுங்காக இருப்பதாக ஷீபா சொல்கிறாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் ஒரகடம் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்தவன், பிசகு கண்ணில் பட்டால் சும்மா இருக்கத் தெரியாது. நேரில் போய், "ஐயா, நம் நாட்டுத் தத்துவக்காரர்கள் காலம் காலமாக வாதம்தான் செய்திருக்கிறார்கள். எதிராளியின் கருத்தை அவனை விட நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்று விதியே வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருக்கிற காஞ்சிபுரத்தில் பௌத்தரும் சமணரும் அதை முழுநேர வேலையாகவே செய்தார்கள். மேல்நாட்டிலும் ரொம்ப காலம் பிரம்பை வைத்துத்தான் லத்தீன் சொல்லிக் கொடுத்தார்கள்" என்றேன். பொறுமையாகக் கேட்டார். "சார், இதெல்லாம் மத்தியானத்துக்கு மேல பேசலாமே" என்றார். அப்போது மணி பதினொன்று.

பிள்ளைகள் சமாளித்துக்கொண்டார்கள். காலையில் தோன்றும் கேள்விகளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து, ஒன்றேகாலுக்கு நாற்பது பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். பாத்ரூம் போக அனுமதி கேட்பது கேள்வியில் சேருமா என்று மட்டும் முதல் இரண்டு நாள் தெளிவு இல்லாமல் இருந்தது. அந்த இரண்டு நாளைப் பற்றி விவரிக்க விரும்பவில்லை. சிக்கல் பெற்றோரிடம் வந்தது. இங்கே எல்லாரும் கம்பெனி ஆட்கள், ஒரு வாரம் முதல் ஷிப்ட், ஒரு வாரம் இரண்டாம் ஷிப்ட். முதல் ஷிப்ட்காரர் பிள்ளை விழிக்கும் முன்பே போய், மாலையில் வந்து மேல்நாட்டுப் பிள்ளையைத்தான் பார்க்கிறார். இரண்டாம் ஷிப்ட்காரருக்குக் காலையில் கிடைப்பது இந்தியப் பிள்ளை.

எங்கள் தெருவில் ஐயனாருக்கும் ஜாக்சனுக்கும் அடுத்தடுத்த வீடு. ஒன்பது வருடமாக ஒரே போர் மோட்டாரில் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒருவர் கோயிலுக்குப் போகிறவர், ஒருவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்பது அந்த மோட்டாருக்குத் தெரியாது. இருவரின் பிள்ளைகளும் ஷீபாவின் ஐந்தாம் வகுப்பில். அந்த வாரம் ஐயனாருக்கு முதல் ஷிப்ட், ஜாக்சனுக்கு இரண்டாம் ஷிப்ட். இருவருக்கும் விடுமுறையான சனிக்கிழமை ஐயனார் என்னிடம் வந்து, "இன்னா சார் இது? எம் பொண்ணு நிலாவாண்ட சோறு துன்னும்மான்னு சொன்னா, பசின்னா இன்னா, அது எனக்குத்தான் வந்துதுன்னு உனுக்கு எப்டித் தெரியும்னு கேக்குது. இதுக்கா ஃபீஸ் கட்றேன்?" என்றார். ஜாக்சன் தன் வாசலிலிருந்தே, "உம் பொண்ண நீ வளர்த்தது சரியில்ல. எம் பையன் காலைல காப்பிய ரெண்டு கையால வாங்கிக்கினு ஒரு வார்த்த பேசாம குடிக்கிறான். மரியாதன்னா அது" என்றார். வார்த்தை வளர்ந்து, மோட்டார் சுவிட்சுக்கு ஆளுக்கொரு பூட்டு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மாறியது. திங்கட்கிழமை சாயங்காலம் ஜாக்சன், "பையன் எதிர்த்துப் பேசறான் சார், நான் அப்பாதான்றதுக்கு ஆதாரம் கேக்கறான்" என்று என்னிடம் வந்தார். ஐயனாரோ அன்று காலையிலேயே மகளின் பணிவைப் பற்றித் தெருவுக்கே சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போயிருந்தார். சண்டை நிற்கவில்லை, வசனத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். யார் எந்தக் கட்சி என்பதை ஷிப்ட் அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. சமூக நல்லிணக்கத் திட்டம் எங்கள் தெருவுக்குத் தந்த முதல் பூசல் இதுதான். ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒன்றானார்கள். ஷீபா டீச்சர் சரியில்லை என்று ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்.

மனு நேராக அறக்கட்டளைத் தலைவர் நடேசனிடம் போனது. பள்ளிக்கு இடம் கொடுத்தவர் அவர். அடுத்த வார வெள்ளிக்கிழமை தானே வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, நிரந்தரமா வீடா என்று முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட ஷீபா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அருள்மேரி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது புரிந்தது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எங்கள் கம்பெனியில் லைன் நெடுக ஒரு கயிறு தொங்கும். பிசகைப் பார்த்தவர், நேற்றுச் சேர்ந்த கான்ட்ராக்ட் ஆளானாலும், இழுக்கலாம். மணி அடிக்கும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடிவந்து முதலில் 'நன்றி' சொல்வார். பிறகுதான் என்ன ஏது என்று கேட்பார். நானே சூப்பர்வைசர் ஆனபோது எரிச்சலை அடக்கிக்கொண்டு நன்றி சொல்லப் பழக எட்டு மாதம் ஆயிற்று. நாற்பது பேர் ஒன்றாகக் கத்துவதற்குப் பதில் ஒரு கயிறு கட்டலாமே என்றேன். "மாமா, இது பிள்ளைய படிக்கிற இடம். நீங்க பிரேக் டிரம் செய்யிற இடம்னு நெனச்சுப் பேசுதிய" என்றாள் ஷீபா. இருந்தாலும் கட்டினேன். முதல் நாள் மணி முப்பத்தொரு முறை அடித்தது. ஒன்று உண்மையான சந்தேகம், மீதி எல்லாம் டீச்சர் நன்றி சொல்வதைக் கேட்பதற்காக. நாலாம் நாள் மூன்றாகக் குறைந்தது, மூன்றும் நல்ல சந்தேகங்கள். காலையில் மட்டும் கயிற்றைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட வேண்டும் என்பது தாளாளர் உத்தரவு.

நேற்றுக் காலைப் பதட்டத்தில் ஷீபா அதைச் சுருட்ட மறந்துவிட்டாள். பதினொன்றரைக்கு நடேசனும் தாளாளரும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இந்திய நேரம். எட்டு மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம், பரப்பளவு என்ன என்று கணக்குப் போட்ட ஷீபா, கடைசிப் பெஞ்சில் ஒரு கண்ணை வைத்து ஐம்பத்து நான்கு என்று எழுதிவிட்டாள். தெய்வம் எழுதியதை நாற்பது நோட்டும் அப்படியே வாங்கிக்கொண்டது. பிசகைக் கவனித்த தாளாளர் முகத்தில் திருப்தி. ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை அல்லவா. அப்போது நிலா எழுந்து போய்க் கயிற்றை இழுத்தாள். கேட்கக் கூடாது என்றுதான் சுற்றறிக்கையில் இருந்ததே தவிர இழுக்கக் கூடாது என்று இல்லை. மணி அடித்ததும் ஷீபா பழக்கத்தில், "நன்றி நிலா" என்றாள். திரும்பிப் பலகையைப் பார்த்தாள். அழித்துவிட்டு ஐம்பத்தாறு என்று எழுதினாள்.

நடேசன் எழுந்துவிட்டார். "இன்னாம்மா இது? தப்ப எடுத்துச் சொன்ன பொண்ணுக்கு டீச்சரே நன்றி சொல்றே. எங்க வூட்ல அறுபது வருசமா ஒருத்தனும் எனுக்கு இத சொன்னதில்ல, நானும் ஒருத்தனுக்கும் சொன்னதில்ல. இது நம்மூர்த் தத்துவமா, வெள்ளக்காரன்துதா?" என்றார். தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஷீபா, "ரெண்டும் இல்லங்கய்யா. எங்க மாமா வேல பார்த்த கம்பெனியில உள்ளது" என்றாள். "ரொம்ப நல்லா கீது" என்று சொல்லி, நாளைக்கே ஆர்டர் போட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார். இருவருக்கும் ஷிப்ட் இல்லாத இன்று காலை ஐயனாரும் ஜாக்சனும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தத்துவம் புரியாவிட்டாலும் கயிறு இருவருக்கும் தெரிந்த விஷயம். "மின்னாடியே இதச் சொல்லியிருந்தா நாங்க ஏன் சார் அட்ச்சிக்கப் போறோம்" என்றார்கள். பூட்டுகள் இன்னும் இருக்கின்றன, இருவருக்கும் சாவி எங்கே என்று தெரியவில்லை.

ஆகவே மச்சான், ஷீபாவின் வேலை உறுதி. கார் அங்கேயே நிற்கட்டும். உங்கள் தங்கை அக்காவுக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். உங்கள் இல்லத்தில் சமாதானமும் உங்கள் முழங்காலில் பலமும் நிலைத்திருக்க ஆண்டவரை வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்,
செல்வநாதன்.

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பள்ளியிலிருந்து ஆர்டர் வந்தது. ஆசிரியை ஷீபாவின் வகுப்பைக் கண்டு பெரிதும் மகிழ்ந்த அறக்கட்டளை, அதற்கு முழுக் காரணமான அவருடைய மாமா திரு. செல்வநாதனைத் தத்துவ ஒருங்கிணைப்பாளராக நிரந்தரமாக நியமிக்கிறது. இந்த ஆண்டு நிரந்தரப் பணியிடம் ஒன்றே என்பதால் ஆசிரியையின் பயிற்சிக்காலம் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. அவர் என் மேற்பார்வையில் இருப்பார். மறுக்கலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் தனி அறையும் தருகிறார்கள். திங்கட்கிழமை சேர்கிறேன். ஷீபா இப்போதே என் மேஜையில் ஒரு விடுப்பு விண்ணப்பம் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காரணம்: 'ஊரிலிருந்து அப்பா கார் எடுத்துக்கொண்டு வருகிறார்.' அனுமதிப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.