பழம் பிடிக்கும் பெட்டியும் அப்பாவின் 'ம்'மும்

தென்காசி,
6-7-1984

அன்பும் மரியாதையும் மிகுந்த தங்கசாமி மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் முப்பிடாதி எழுதிக்கொள்வது.

முதலில் இந்தக் கடிதத்துக்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதுவரை உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் அப்பா சொல்லி எழுதியது, இல்லாவிட்டால் அம்மா சொல்லி எழுதியது. நானாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பி.எஸ்ஸி. முடித்தவளுக்குச் சொந்த மாமாவுக்குக் கடிதம் எழுதக் கூச்சமா என்று அத்தையிடம் சொல்லிச் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். பம்பாயில் பெரிய மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். இங்கே சாரல் ஒரு வாரம் பிந்தி வந்தது. எல்லாரும் நலம், அப்பாவைத் தவிர. பயந்துவிடாதீர்கள், உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் அனுப்பிய வீடியோ கேம்தான் காரணம்.

தம்பி வல்லிநாயகம் ஒன்பதாவது பாஸ் பண்ணியதற்காக நீங்கள் ஆசையாக அனுப்பினீர்கள். உள்ளங்கை அளவுப் பெட்டி, கண்ணாடிக்குள் நாலு மரம், நடுவில் கூடையோடு ஒரு குட்டி மனுஷன், மரத்தில் இருந்து பழம் விழ விழ அவனை இங்கேயும் அங்கேயும் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும், மூன்று பழம் தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. வல்லிநாயகம் நாலு நாள் விளையாடினான். ஐந்தாம் நாள் "போரடிக்கு" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிட்டுச் சிற்றாற்றில் நீச்சலடிக்கப் போய்விட்டான். அதோடு முடிந்திருக்கும். ஆனால் இலத்தூரில் இருந்து பெரியப்பா வந்துவிட்டார். பால்வண்ணநாதன் பெரியப்பா வந்தால் கையில் ஒரு வாரப்பத்திரிகை இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் இந்த மாதிரி விளையாட்டுகளால் இளைஞர்கள் எப்படிக் கெட்டுப்போகிறார்கள் என்று இரண்டு பக்கம் போட்டிருந்தான். கூப்பிட்டால் காது கேட்காது, சோறு மறந்துபோகும், தானாகப் பேசிக்கொள்வார்கள், செய்கிற வேலையில் கவனம் இருக்காது என்று பெரியப்பா ஒவ்வொன்றாக உரக்க வாசிக்க, அப்பா எழுந்து போய் அலமாரியில் இருந்த பெட்டியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். "இதுல அப்படி என்னதாம் இருக்குன்னு பாத்துட்டுதாம் மறுசோலி" என்றார்.

பார்த்தார், மாமா. இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் நாள் என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, இது என்ன பழம்?" என்றார். சும்மா பழம்தான், பேர் கிடையாது என்றேன். "பேரு இல்லாத பழம் உண்டுமா? உருண்டையா இருக்கு, மேல காம்பு இருக்கு. மங்குஸ்தாம்லா இது!" என்றார். அவ்வளவுதான், விஷயம் அவருடைய பழ வியாபாரத்துக்குள் போய்விட்டது. "கீழ விழுந்த மங்குஸ்தானை எவன் வாங்குவான்? தோலு கல்லாப் போயிரும்" என்று ஒவ்வொரு பழத்துக்கும் பதறுவார். ஒன்று விழுந்தால் "போச்சு, போச்சு!" என்று தெருவுக்கே கேட்கும். அந்தப் பெட்டியைச் செய்த ஜப்பான்காரன் மேல் அவருக்கு ஒரே கோபம்: "நாலு மரத்துக்கு ஒத்த ஆள நிறுத்தியிருக்கான். கீழ ஒரு சாக்கு விரிச்சிருந்தா இந்தப் பாடு உண்டுமா?"

பிறகு பெட்டி குற்றாலத்துக்கும் போக ஆரம்பித்தது. பேரருவிக்குப் போகிற வழியில் நம் பழக்கடையில் அப்பா குனிந்து உட்கார்ந்துகொள்வார். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வருகிறவர்கள், "அண்ணாச்சி, பழம் எப்படி?" என்றால், "இருங்க, விழுது" என்பார். போன மாதம் ஒரு நாள் பெட்டிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பழம் பிடித்துவிட்டு வெற்றியோடு தலை நிமிர்ந்திருக்கிறார், எதிரில் நாலு குரங்கு வரிசையாக உட்கார்ந்து ஒரு கூடை மங்குஸ்தானையும் உரித்துத் தின்று முடித்து, தோலை மட்டும் திருப்பிக் கூடைக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தனவாம். அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் இதைச் சொல்லும்போது, "இருநூத்திப் பன்னெண்டு" என்பதைத்தான் மூன்று தடவை சொன்னார்.

இதற்கு நடுவில்தான் உங்களுக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதச் சொன்னார். நான் பேனாவோடு உட்கார, அவர் பெட்டியோடு உட்கார்ந்து சொன்னதை அப்படியே தருகிறேன்: "மாப்ளைக்கு எழுது. இனிமே இந்த மாதிரிச் சாமான் அனுப்ப வேண்டாம். இளசுக கெட்டுப்போகுது. பிள்ளைக படிப்புல கவனம்... போச்சு! அத எழுதாத. கவனம் செதறுது. பெரியவங்க நாமதாம்... ஏ, வலது பக்கம் வாலே, வலது பக்கம்!" கடிதம் அதோடு நின்றுவிட்டது.

அம்மா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். சாப்பிடும்போது அப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, "ரசத்துல உப்பு இருக்கா?" என்று கேட்டாள். "ம்" என்றார். அம்மா ருசி பார்த்தாள், உப்பே போடவில்லை. அதாவது பெட்டி கையில் இருந்தால் எது கேட்டாலும் 'ம்' வரும். அடுத்த நாளே, "அந்தப் பழைய சைக்கிள பக்கத்து வீட்டு ஏசுதாசன் அண்ணாச்சி மகனுக்குக் குடுத்திரட்டுமா?" என்றாள். "ம்." மறுநாள் காலை அப்பா சைக்கிளைத் தேடினார்.

"நாம் ம்-முன்னு சொன்னனா?"

"சொன்னீக."

"அப்ப சரி" என்று பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போய்விட்டார். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். மலைத் தோட்டங்களில் அப்பா மரத்தின் காய்ப்பை மொத்தமாக விலை பேசுவதை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள். காய்ப்புக்கு முன்னாலேயே மரத்தைச் சுற்றி வருவார், அண்ணாந்து பார்ப்பார், கடைசியில் 'ம்' என்பார். எழுத்துக் கிடையாது, சாட்சி கிடையாது. அப்புறம் பிஞ்சு கொட்டினாலும் அணில் தின்றாலும் அந்த மரம் அவருடையது. இருபது வருஷத்தில் ஒரு 'ம்'மைக்கூட அவர் திருப்பி வாங்கியதில்லை. இது தெரிந்த பிறகு வீட்டில் எல்லாருக்கும் குளிர்விட்டுப் போய்விட்டது. அம்மாவுக்குச் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் போக ஒரு 'ம்'. வல்லிநாயகத்துக்கு இரண்டு பேன்ட்டுக்கு ஒரே 'ம்'. நான்தான் வாயே திறக்கவில்லை.

எனக்கு மதுரையில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறது, மாமா. கெமிஸ்ட்ரி. பதினாறாம் தேதி சேர வேண்டும். ஹாஸ்டல் விண்ணப்பத்தில் 'தகப்பனார் சம்மதம்' என்று ஒரு கட்டம், அதில் அப்பா கையெழுத்து வேண்டும், பன்னிரண்டாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். ஜூன் மாதம் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "சீசன் முடியட்டும், பாப்பம்" என்றார். சீசன் ஆகஸ்டில்தான் முடியும். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பெட்டியில் எண்களெல்லாம் மங்கலாகத் தெரிந்தன. பேட்டரி போய்விட்டால் அப்பா நிமிர்ந்துவிடுவாரே என்று எனக்குத் திக்கென்றது. செவ்வாய்க்கிழமை நான் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனபோது பெரியப்பா கடைக்கே வந்திருந்தார். "ஏலே குற்றாலிங்கம், பொட்டப்பிள்ளைய மதுரைக்கு அனுப்புதியாமே? நாளைக்கு ஊரு என்னலே சொல்லும்? அனுப்ப மாட்டெல்லா?" என்று மூன்று தடவை கேட்டார். அப்பா பெட்டியை அமுக்கிக்கொண்டே இருந்தார். உலகத்துக்கே 'ம்' சொல்கிறவர் இதற்கு மட்டும் சொல்லவில்லை. பழம் வேகமாக விழுகிற நேரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "பத்திரிகையில போட்டது சரிதாம்ல. ஆனா வயசத்தாம் தப்பாப் போட்டுட்டான்" என்று திட்டிக்கொண்டே பெரியப்பா பஸ் ஏறிவிட்டார்.

புதன்கிழமை கேட்டுவிட்டேன். கடையில் அப்பா மட்டும் இருந்தார். அருவியில் நல்ல தண்ணீர், பெட்டியின் 'டிக் டிக்'கூடக் கேட்கவில்லை. அவர் கட்டைவிரல் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்பா, நான் மதுரைக்குப் படிக்கப் போகட்டுமா?"

"ம்."

"ஹாஸ்டல்ல இருக்கணும். ரெண்டு வருசம்."

"ம்."

"ஒரு கையெழுத்துப் போடணும்."

பெட்டியை மங்குஸ்தான் குவியல் மேல் குப்புற வைத்தார். துண்டில் கையைத் துடைத்தார். குற்றாலிங்கம் என்று ஏழு எழுத்தையும் கட்டத்தைத் தாண்டாமல் எழுதினார். திரும்பவும் பெட்டியை எடுத்துக்கொண்டார். நான் பத்து நிமிஷம் அங்கேயே நின்றேன். ஒரு தடவைகூட "போச்சு" வரவில்லை. மனுஷர் தேர்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் அன்றையில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா சைக்கிளுக்கு வாங்கியது வேறு. இது என் அப்பா ஆட்டத்தில் மெய்மறந்து இருந்தபோது நான் களவாக வாங்கிய 'ம்'. உறையை ஒட்டிவிட்டேன், தபாலில் போடக் கை வரவில்லை. போட்டாலும், பதினாறாம் தேதிக்குள் பேட்டரி தீர்ந்து, "ஏட்டி, துணிப்பெட்டியத் தூக்கிட்டு எங்க கெளம்புத?" என்று ஒரு வார்த்தை கேட்டால் எனக்கு அழுகைதான் வரும். வீட்டில் அவர் இப்போது விளையாடுவதில்லை, கடையிலேயே ஆசை தீர்ந்துவிடுகிறது போல. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கத்தான் பேனாவைத் திறந்தேன். இவ்வளவு எழுதிய பிறகும் கேட்க வெட்கமாக இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம், சின்னவளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். நீங்களும் அத்தையும் சேர்ந்து கிழக்கே பார்த்து ஒரு நிமிஷம் நில்லுங்கள், நான் இங்கிருந்தே விழுந்து கும்பிட்டுக்கொள்கிறேன்.

உங்கள் அன்புள்ள,
கு. முப்பிடாதி, பி.எஸ்ஸி.

பி.கு. (சனிக்கிழமை, தபால் ஆபீசில் நின்றுகொண்டு எழுதுவது): மேலே எழுதியதில் பாதி தப்பு, மாமா. பேட்டரி அனுப்பும்படி உங்களைக் கேட்பதற்கு முன்னால் இங்கேயே கிடைக்குமா என்று, பக்கத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒலி முகம்மது பாயிடம் விசாரித்தேன். "அந்தப் பழம் பிடிக்க பொட்டிதானம்மா? திங்கக்கெழம காலையிலயே ஒங்கப்பா கொண்டாந்தாரே! அப்பவே மூச்சு நின்னுட்டு. இந்தப் பேட்டரி திருநெல்வேலியிலகூடக் கெடைக்காதுன்னு சொன்னேன். சரி, சும்மா கையில வச்சிருக்கேம்னு வாங்கிட்டுப் போயிட்டாரு" என்றார். திங்களா, வியாழனா, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். "திங்கதாம்மா, கடைக்கு வெள்ளையடிச்ச அன்னைக்கு" என்றார்.

விரல் விட்டு எண்ணினேன். திங்கள் பெட்டி செத்தது. செவ்வாய் பெரியப்பா. புதன் நான்.

ஹாஸ்டல் உறையை இப்போதுதான் தபால் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம்கூடக் கேட்டது. அப்பாவிடம் எனக்குத் தெரியும் என்று சொல்லப்போவதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று அவர் சொன்ன வரியை மட்டும் அடித்துவிடுங்கள். இந்த ஒன்பது நாளும் அவர் நிமிர்ந்தே இருக்கட்டும். பதினாறாம் தேதி நான் பஸ் ஏறிய பிறகு வந்து சேருகிற மாதிரி இரண்டு பேட்டரி அனுப்புங்கள், மாமா. நாலாக அனுப்பினாலும் நல்லது, எம்.எஸ்ஸி. இரண்டு வருஷம்.