நூற்றுப்பன்னிரண்டாம் கட்டத்தில் விழுந்த அடி

அன்பு மகள் வால்புர்காவுக்கு, கிராஸ் நகரிலிருந்து அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம், மாப்பிள்ளை சுகம், பூனையும் சுகம். சிம்பொனிதான் சுகமில்லை. நீ நிறைமாதக்காரி, உட்கார்ந்துகொண்டு படி. அத்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கச்சேரியைப் பற்றி ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருந்தாய். உன் வீட்டுக்காரர் நான்கு வருஷம் பாடுபட்டு எழுதிய சிம்பொனியை, வாத்தியக்காரர் அத்தனை பேருக்கும் நகலெடுத்தவன் நான்தானே? இருந்த ஒரே ஒத்திகைக்குக்கூட நான் போகவில்லை, வீட்டில் கொம்புக்காரர்களின் நகலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தவிர, தாளத்தட்டு அடிக்கிற எனக்கு அதில் மொத்தமே ஓர் அடிதான். கடைசிப் பகுதியில் நூற்றிருபது தாளக் கட்டம் சும்மா நின்று எண்ணிவிட்டு, நூற்றிருபத்தொன்றில், எல்லா வாத்தியமும் உச்சத்துக்கு ஏறும்போது, ஓங்கி ஒன்று அடிக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக எண்ணுகிறவன் நான். உன் கல்யாணத்தில் பாதிரியாரின் பிரசங்கத்தைக்கூட எண்ணினேன், முந்நூற்று நாற்பது கட்டம் வந்தது.

ஆனால் இந்தக் கிழட்டுக் கண், நகலில் நூற்றுப்பன்னிரண்டு என்று எழுதித் தொலைத்துவிட்டது. அந்த இடத்தில் என்ன வருகிறது தெரியுமா? உன் வயிற்றுப் பிள்ளைக்காக அவர் போட்ட தாலாட்டு. மற்ற எல்லோரும் அடங்கியிருக்க, ஒற்றைப் புல்லாங்குழல் மட்டும் மெல்ல வாசிக்கிறது. அங்கேதான் அடித்தேன், முழு பலத்தோடு. முன்வரிசையில் மருந்துக்கடைக்காரர் மனைவி தொப்பியோடு பக்கத்திலிருந்தவர் மடியில் சாய்ந்தாள், புல்லாங்குழல்காரருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது, மாடத்தில் யாரோ கச்சேரி முடிந்துவிட்டதென்று கைதட்ட, சபையே கைதட்டி எழுந்து மேலங்கியைத் தேட ஆரம்பித்துவிட்டது. சுரத்தாளைத் திறக்காமலே மனப்பாடமாக நடத்திக்கொண்டிருந்த மாப்பிள்ளை, குச்சி அந்தரத்தில் நிற்க, என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. தொலைந்துபோன பிள்ளை மாதிரி பார்த்தார்.

மறுநாள் காலை குழுச் செயலாளர் ட்ரம்மெல் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"எழுதினவனுக்கே எங்க அடி விழணும்னு தெரியலைன்னா, அந்தச் சிம்பொனியை இனி நாங்க தொடறதா இல்லை. யார் தப்புன்னு சொல்லும்யா!"

"என் தப்புதான்யா. கண்ணு மங்கிப்போச்சு. மாப்பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கார், நீரே பாரும்" என்று மூலப் பிரதியை விரித்துக் காட்டினேன்.

"அப்ப வசந்தத்துல மறுபடி வாசிக்கலாம். ஆனா நீர் தட்டைக் கையால தொடக் கூடாது."

"தொடலைய்யா, போதுமா?"

தட்டுகளைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டேன். ஒன்றில் பூனை படுத்திருக்கிறது. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. மாப்பிள்ளைதான், நான் பிடித்துவைத்த கொழுக்கட்டையைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் ஒரு குற்றமுமில்லை என்று நீ நாலு வரி எழுதிப்போடு.

மாதா துணையில் சுகப்பிரசவம் ஆகட்டும். அத்தைக்கு என் வணக்கம், அவளுடைய வாத்துகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புள்ள அப்பா,
இக்னாட்ஸ்

பின்குறிப்பு: வால்பி, இது நான், லாம்பெர்ட். தபாலில் போடச் சொல்லி உன் அப்பா கொடுத்தார், உறை ஒட்டாமலிருந்ததால் படித்துவிட்டேன். படித்ததும் மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்த அடியை நூற்றுப்பன்னிரண்டில் எழுதியவன் நான்தான். நீ பிரசவத்துக்காக அத்தை ஊருக்கு வண்டியேறிய அன்று, கண் கலங்க எழுதிய பக்கம் அது. அவர் அதை அப்படியே நகலெடுத்திருக்கிறார். கச்சேரி முடிந்தபின், மை சுரண்டும் கத்தியால் என் அடியைச் சுரண்டி எடுத்து, ஒன்பது கட்டம் தள்ளி என் கையெழுத்து மாதிரியே போட்டு வைத்திருக்கிறார். ஜன்னலோரம் பிடித்தால் சுரண்டிய இடம் தெரிகிறது. சுரத்தாளோடு இப்போதே ட்ரம்மெலிடம் போகிறேன். வசந்தத்தில் வாசிக்காவிட்டால் போகட்டும். உன் அப்பா இருபத்தாறு வருஷத்தில் ஒரு கட்டம்கூடத் தப்பாக எண்ணியதில்லை.